மச்சான் முறை

சோளகப் பழங்குடியினருக்குப் பிளிகிரி ரங்கநாதர் மச்சான் முறை. குசுமாலை என்ற சோளகப் பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்து, அவளையே கட்டிக்கொண்டார் சாமி என்பது அவர்கள் கதை. எங்கள் கடைக்குக் கல்பாசி கொண்டுவரும் பெரியவர் "எங்க பாவ" என்று அவரைக் குறிப்பிடும்போது குரலில் பயபக்தி தெரியாது. அக்கா புருஷனைப் பற்றிப் பேசுகிறவரின் உரிமை தெரியும், கூடவே லேசான நக்கலும்.

சத்தியமங்கலத்தில் என் மாமனார் ஆரம்பித்த நாட்டு மருந்துக் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். கடுக்காய், சீயக்காய், பூந்திக்கொட்டை, தேன், நெல்லி வற்றல் எல்லாம் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறங்கிவரும் சரக்கு. மேலே ஆசனூர், தலமலை, தாளவாடி. அதற்கும் அப்பால் கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர் மாவட்டம், பிளிகிரி ரங்கன் மலை. எல்லைக்கோடு காட்டுக்கு நடுவே போகிறது, சோளகர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவலைப் படித்தவர்களுக்கு இந்த மலையைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

நான் பிறந்தது வைணவக் குடும்பம். பெருமாள் உடையவன், நாமெல்லாம் அவன் உடைமை என்று கேட்டு வளர்ந்தவள். உலகமே அவன் சொத்து என்றால் காடும் அவன் சொத்து. அதிலிருந்து ஒரு நெல்லிக்காயை எடுப்பவனும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சோளகப் பெரியவரின் கணக்கு வேறு. காடு அவர்கள் வீடு, சாமி அங்கே வந்து பெண் எடுத்தவர். மாப்பிள்ளை எவ்வளவு பெரிய இடமாக இருந்தாலும் பெண் வீட்டுத் தோட்டத்தில் காய் பறிக்க அவரிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. எங்கள் மரபிலும் இதற்கு இடமில்லாமல் இல்லை. ஆண்டாளைக் கொடுத்த வகையில் பெரியாழ்வார் அரங்கனுக்கே மாமனார். ஆனால் நாங்கள் அதைப் பக்தியின் உச்சம் என்று போற்றி வைத்துவிட்டோம். அதை வைத்து யாரும் பிழைப்பு நடத்துவதில்லை.

அரசாங்கம் எங்கள் கட்சிதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1974-இல் அந்த மலையைச் சரணாலயமாக்கியபோது கோயிலின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பிளிகிரி ரங்கசுவாமி கோயில் வனவிலங்குச் சரணாலயம், பின்னால் விரிந்து சுமார் 540 சதுர கிலோமீட்டர். பலகையில் மாப்பிள்ளை பெயர் ஏறியது, பெண் வீட்டார் தங்கள் காட்டிலேயே வேற்றாள் ஆனார்கள். காட்டை எரித்துப் பயிர் செய்வது நின்றது, வேட்டை நின்றது. வனவிலங்குச் சட்டத்தில் 2002-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, விற்பதற்காகத் தேனும் நெல்லியும் பாசியும் எடுப்பதும் தடைப்பட்டது. தின்னலாம், விற்கக் கூடாது. அரிசியும் உப்பும் துணியும் காட்டில் விளைவதில்லை என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பிறகு 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2011-இல் மலை புலிகள் காப்பகமான அதே ஆண்டில், அங்குள்ள 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமையும் கிடைத்தது. நாட்டிலேயே ஒரு புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

காட்டில் பெண் எடுத்த சாமி ரங்கநாதர் ஒருவர் மட்டுமில்லை. தினைப்புனம் காத்த வள்ளியைத் தேடி முருகன் வந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். அகோபிலத்தில் நரசிம்மர் செஞ்சுப் பழங்குடிப் பெண்ணான செஞ்சுலட்சுமியை மணந்தவர். தைப் பொங்கலையொட்டித் தொடங்கும் பாரிவேட்டை உற்சவத்தில், நாற்பது நாளுக்கு மேல் பல்லக்கில் ஊர் ஊராகப் போய்த் தன் கல்யாணத்துக்குத் தானே அழைப்பு வைக்கிறார். செஞ்சுக்கள் வாழும் நல்லமலைக் காட்டின் ஒரு பெரிய பகுதி இன்று நாகார்ஜுனசாகர்–ஸ்ரீசைலம் புலிகள் காப்பகம். மலைச்சாமிகளைப் பெரிய கோயில்கள் தங்களுக்குள் இழுத்துக்கொண்ட தந்திரம்தான் இந்தக் கல்யாணக் கதைகள் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் கல்யாணம் என்றால் இரண்டு பக்கமும் கடன் உண்டு. சம்பந்தி வீட்டுக்குச் செய்ய வேண்டிய மரியாதையை எந்தக் காலத்திலும் தீர்த்து முடிக்க முடியாது என்பதை ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போனவள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

காட்டுக்குச் சோளகர்கள் செய்த மரியாதையில் ஒன்று நெருப்பு. புல் முழுசாகக் காய்வதற்கு முன்பே, தை மாசி வாக்கில், சருகை மட்டும் பொசுக்குகிற சின்ன நெருப்பு வைப்பார்கள். அதற்குத் 'தரகு பெங்கி' என்று பெயர். அந்த நெருப்பு முழங்காலுக்கு மேல் ஏறாது என்கிறார் பெரியவர். சரணாலயம் வந்ததும் அது குற்றமாகிவிட்டது. உண்ணிச்செடி காடெங்கும் புதராக மண்டியது. நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறியது. நெருப்பை நிறுத்தியதால்தான் இரண்டும் பெருகின என்று சோளகர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆய்வாளர்கள் பிறகு மரங்களை எண்ணிப் பார்த்தபோது, புல்லுருவி பிடித்த நெல்லிகள் அதிகமாகச் சாவது தெரிந்தது. உண்ணிச்செடியை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாத நிலையில், பக்கத்து மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் அதன் தண்டை வேகவைத்து, தோலுரித்து, வளைத்து நாற்காலியும் கூடையும் செய்து விற்கிறார்கள். பெங்களூரின் ஏட்ரீ ஆய்வு நிறுவனம் பழக்கிக் கொடுத்த தொழில் அது.

இதையெல்லாம் சொன்னால், "பழங்குடிகள் காட்டின் காவலர்கள்" என்று உடனே ஒரு மாலை போட்டுவிடுகிறோம். எனக்கு அந்த மாலை பிடிக்கவில்லை. அவர்களும் மனிதர்கள்தான். வியாபாரி அவசரப்படுத்தினால் நெல்லிக் கிளையை வெட்டிச் சாய்த்துக் காய் பொறுக்குகிறவன் அங்கேயும் உண்டு. அதனால் உறவு பொய்யாகிவிடுமா? பங்காளி வீட்டில் ஒருவன் குடித்து அழித்தான் என்பதற்காக அந்த வீட்டையே யாரும் பிடுங்கிக்கொள்வதில்லை. பவானிசாகர் பாசனத்தில் கரும்பு போடுகிற எங்கள் சொந்தக்காரர்களிடம், தண்ணீரை ஒழுங்காகச் செலவழிப்பதாக நிரூபித்தால்தான் பட்டா என்று இதுவரை எந்த அதிகாரியும் சொன்னதில்லை. சோளகரிடம் மட்டும் நாம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிறோம். வாழும் உரிமை நல்லவர்களுக்குக் கொடுக்கும் பரிசு என்றால் சத்தியமங்கலம் கடைவீதியில் பாதிப் பேர் காலி செய்ய வேண்டியிருக்கும், என்னையும் சேர்த்து.

அப்படியானால் நடத்தையைப் பற்றி யாருமே கேட்கக் கூடாதா? உறவு முறையில் கேட்கலாம் என்று நினைக்கிறேன். பெரியவரின் மகன் கொண்டுவந்த நெல்லி மூட்டையை அவிழ்த்தபோது, காய்களோடு விரல் தடிமனில் குச்சிகள் வந்தன, ஈர்க்கோடு ஒட்டிய இலைகள் இன்னும் வாடாமல். கையால் பறித்த காயில் அப்படி வராது. பெரியவர் ஒரு குச்சியை எடுத்து வெட்டுவாயைப் பார்த்துவிட்டு, மகனிடம் அவர்கள் பேச்சில் ஏதோ சொன்னார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். நான் கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைத்தேன். "அது நீ சொல்றதில்லம்மா, நாங்க பேசிக்கறோம்" என்றார் பெரியவர். குறைத்த மூன்று ரூபாயைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனார்.