கடன்பட்டவர் யார்?

ஏழை நாடுகள் ஏன் ஏழை நாடுகளாகவே இருக்கின்றன என்று எவரேனும் வினவினால், நம்மிடம் சில விடைகள் ஆயத்தமாக உள்ளன. உழைப்பில்லை, கல்வியில்லை, ஆள்வோர் கள்வர் என்போம். சற்று இறைப்பற்று மிக்கவராயின், ‘எல்லாம் அவர் சித்தம்’ என்று முடித்துவிடுவோம். இவ்விடைகள் வறுமையின் காரணத்தை ஏழையின் வீட்டுக்குள் தேடுகின்றன. அல்லது வானத்தில் தேடுகின்றன. அண்டை வீட்டாரின் கணக்கேட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

கரிபியக் கடலிலுள்ள ஹைட்டி நாட்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கண்டங்களிலேயே வறுமை மிக்க நாடு என்னும் அடைமொழி அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரான்சின் குடியேற்ற நாடாக இருந்தபோது, அது செல்வம் கொழித்த மண். ஐரோப்பியர் அருந்திய காப்பியிலும், அதில் கலந்த சர்க்கரையிலும் பெரும்பங்கு அங்கிருந்தே சென்றது. ஏறத்தாழ 5 இலட்சம் அடிமைகள் அத்தோட்டங்களில் உழைத்து மடிந்தனர். 1791-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். நெப்போலியன் அனுப்பிய படையையும் முறியடித்து, 1804 ஜனவரி 1-ஆம் நாள் விடுதலையை அறிவித்தனர்.

1825-இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லசின் போர்க்கப்பல்கள் பதினான்கு ஹைட்டியின் தலைநகருக்கு வந்து நின்றன. தோட்ட முதலாளிகள் இழந்த சொத்துக்கு ஈடாக 15 கோடி பிராங்க் செலுத்தினால் விடுதலையை ஏற்போம், இல்லையேல் போர்! அடிமையாயிருந்தவன், தன்னை அடிமைப்படுத்தியவனுக்கு இழப்பீடு தரவேண்டுமாம். ஹைட்டியின் தலைவர் புவாயே பணிந்தார்.

முதல் தவணைக்கே கருவூலத்தில் பணமில்லை. பாரிஸ் வங்கியாளர்களிடம் 3 கோடி பிராங்க் கடன் வாங்கினர். அதிலும் 60 இலட்சத்தை முன்னதாகவே பிடித்துக்கொண்டு மீதியையே தந்தனர். 1838-இல் மொத்தத் தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. ஆயினும் கடனை அடைக்கக் கடன், அக்கடனுக்கு வட்டி என்று அது வளர்ந்தது. காப்பி ஏற்றுமதிமீது வரி விதித்துத் திரட்டிய பணம் கப்பலேறியது. பள்ளிக்கூடமும் பாலமும் ஆகியிருக்க வேண்டிய பணம் அது. இழப்பீட்டோடு தொடர்புடைய கடன்கள் 1947-இல்தான் தீர்ந்தன.

இந்த 1825 திருச்சபையின் யூபிலி ஆண்டு. அடிமை விடுதலை பெறவும், நிலம் உரியவனிடம் திரும்பவும் லேவியர் நூல் விதித்த அதே யூபிலி. ஆணையிட்ட மன்னரோ பக்திக்குப் பெயர்பெற்ற கத்தோலிக்கர். இதை எழுதும்போது நமக்குக் கூசத்தான் செய்கிறது.

ஹைட்டியின் ஆட்சியாளர் குற்றமற்றவரோ? அல்லர். தவணைகளின் சுமையைக் குடியானவன் தலைமேல் ஏற்றியவர்கள் அவர்களே. 1957 முதல் 1986 வரை ஆண்ட துவாலியே குடும்பம் அடித்த கொள்ளையை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் உள்வீட்டுத் திருடனைக் காட்டி, முன்னமே கூரையைப் பிரித்துக்கொண்டு போனவனை மறந்துவிடலாகாது.

தந்தையின் குற்றத்திற்குப் பேரன் பொறுப்பாவானா என்பது கடினமான வினா. குற்றம் வழிவழி வருவதில்லை என்றே நாமும் கருதுகிறோம். ஆனால் சொத்து வருகிறதே! பாகப்பிரிவினையில் வீட்டை எடுத்துக்கொண்டு, அவ்வீட்டின்மேல் உள்ள கடன் எனக்கன்று என்று எவரேனும் சொன்னால் ஊர்ப் பெரியவர்கள் ஏற்பார்களா? நாடுகளுக்கு மட்டும் வேறு நியாயம் எங்கிருந்து வந்தது?

2010 ஜனவரியில் ஹைட்டியை நிலநடுக்கம் சிதைத்தபோது உலகெங்கும் ஆலயங்களில் காணிக்கை திரட்டப்பட்டது. கொடுத்த நிறைவோடு நாம் வீடு திரும்பினோம். கொடுத்தது நன்றே. ஆனால், அதற்கு ஏழாண்டுகளுக்கு முன், முன்னாள் குருவான குடியரசுத் தலைவர் அரிஸ்டீட், பறித்ததைத் திருப்பித் தருக என 2,100 கோடி டாலருக்கு மேல் பிரான்சிடம் கேட்டபோது, அது நகைப்புக்குரிய கோரிக்கையாகவே பலருக்குப் பட்டது. பிச்சை கேட்டால் இரங்கும் உள்ளம், பங்கு கேட்டால் ஏன் சினக்கிறது?

2025-ஆம் ஆண்டும் யூபிலி ஆண்டே. ஏழை நாடுகளின் கடனை நீக்குவது வள்ளன்மை என்பதைவிட நீதி என்று அதன் அறிவிப்பு மடலில் திருத்தந்தை பிரான்சிசு எழுதியிருந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள், மன்னரின் ஆணைக்குச் சரியாக 200 ஆண்டுகள் நிறைந்தபோது, பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மக்ரோன் அவ்வரலாற்றின் அநீதியை ஒப்புக்கொண்டார். இரு நாட்டு வரலாற்றறிஞரும் அமர்ந்து ஆராய ஒரு குழு அமைப்பதாகவும் அறிவித்தார். பணத்தைத் திருப்பித் தருவதாக அவர் சொல்லவில்லை.