தலைக்கட்டு வரியும் தேசங்களின் பங்கும்

பொதுக் காரியத்திற்கு ஒவ்வொருவரும் எவ்வளவு கொடுப்பது நீதி? சமமாகவா, சக்திக்கேற்பவா? எங்கள் நைனார்பாளையம் வட்டாரத்துச் சிற்றூர்களில் தலைக்கட்டு வரி விதிப்பது பழைய வழக்கம். பத்து ஏக்கர் கரும்பு வைத்திருப்பவருக்கும், அந்தக் கரும்பை வெட்டிக் கூலி பெறுபவருக்கும் தொகை ஒன்றே. பார்வைக்கு இது சமத்துவம். ஆயினும் முன்னவருக்கு அது சட்டைப்பைச் சில்லறை. பின்னவருக்கோ இரண்டு நாள் உலை.

தேசங்களிடையிலும் இவ்வழக்கம் உண்டு. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான், 2008-இல் நடைமுறைக்கு வந்த தன் சாசனத்தின் 30-ஆம் விதிப்படி, ஜகார்த்தா செயலகத்தின் நடைமுறைச் செலவை உறுப்பு நாடுகளிடம் சமமாகப் பெறுகிறது. செல்வம் கொழிக்கும் சிங்கப்பூருக்கும் வறிய லாவோசுக்கும் ஒரே தொகை. இதில் ஒரு மாண்பும் உண்டு. 'நானே அதிகம் கொடுத்தேன்' என்று எவரும் ஓங்கிப் பேச இயலாது. ஆனால், ஏழை நாடு தாங்கும் அளவே எல்லாருக்கும் எல்லையாகிவிடுகிறது. ஆகவே, பல திட்டங்களுக்கு வெளியார் நன்கொடையை எதிர்நோக்க நேர்கிறது.

ஸகாத்தின் நெறி வேறு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் செல்வமுடையோர் மீதே அது கடமை. நாற்பதில் ஒன்று என்னும் விகிதம் பொது, தொகை பொதுவன்று. ஐக்கிய நாடுகள் சபையும் சக்தியையே அளவுகோலாகக் கொண்டு, உச்ச வரம்பை 22 சதவீதமாகவும் கீழ் வரம்பை 0.001 சதவீதமாகவும் வைத்திருக்கிறது. சார்க் அமைப்பின் காத்மாண்டு செயலகச் செலவிலும் இந்தியாவின் பங்கே பெரிது. பூட்டான், மாலத்தீவு ஆகியவற்றின் பங்கு சிறிது.

இந்நெறியே நேரியது என்பது என் துணிபு. எனினும், இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பல்லாண்டுகளுக்கு முன் ஓர் ஊர்க் கூட்டத்தில், கூலி வேலை செய்யும் பெரியவர் ஒருவர் எழுந்து வரவுசெலவைக் கேட்டார். "நீர் கொடுத்தது எவ்வளவு?" என்று ஒரு குரல் மறித்தது. அவர் அமர்ந்துவிட்டார். அவையில் இருந்த நானும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது. சக்திக்கேற்பக் கொடுக்கச் சொல்லிவிட்டுக் கொடுத்ததற்கேற்பவே பேசச் சொன்னால், அந்தச் சலுகை அவமானமாக மாறிவிடுகிறதன்றோ?

ஐரோப்பாவில் நிகழ்ந்ததைக் காண்க. ஐரோப்பிய ஆணையத்தின் 1996-ஆம் ஆண்டுக் கணக்கிற்கு ஒப்புதல் தர, 1998 டிசம்பரில் ஐரோப்பியப் பாராளுமன்றம் மறுத்தது. சுயேச்சை நிபுணர் குழுவின் அறிக்கை வந்தபின், 1999 மார்ச்சில் ஜாக் சான்டேர் தலைமையிலான ஆணையம் முழுவதும் பதவி விலகியது. கணக்குக் கேட்டது மிகுதி கொடுத்த நாடு அன்று. எல்லா நாட்டு மக்களும் தேர்ந்தெடுத்த மன்றம். சார்க்கில் அத்தகைய மன்றம் இல்லை. 2014-க்குப் பின் அதன் உச்சி மாநாடும் கூடவில்லை. பூட்டானின் உழவர் கேட்க விரும்பினால் எங்கே போய்க் கேட்பார்?

பொதுப்பணம் அமானத். உள்ளே வந்த பின் அதில் என் காசு, உன் காசு என்ற பிரிவு இல்லை. கொடுக்கச் சொல்லும்போது சக்தியைப் பார்க்கலாம். கணக்குக் கேட்கும்போது அதைப் பார்க்கலாகாது. அந்தப் பெரியவருக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதுவே.