தொண்டும் பதவியும்

தொழிலாளரால் உருவான தலைவர் பதவி பெற்றபின் யாருக்கு உரியவர்? வளர்த்த சங்கத்துக்கா, தேர்தலில் நிறுத்திய கட்சிக்கா, வாக்களித்த மக்கள் அனைவருக்குமா? நன்றியறிதலும் பொதுநீதியும் எதிரெதிர் நிற்கும் வேளையில் எழும் வினா இது.

பினாங்கு மக்கள் இவ்வினாவை நேரிற் கண்டவர்கள். தொழிற்சங்கத் தலைவர்களுள் ஒருவராக விளங்கிய வி. டேவிட், 1959இல் சோசலிச முன்னணியின் சார்பில் பங்சார் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் புகுந்தார். 1969இல் ஜார்ஜ் டவுனின் டத்தோ கிராமட் தொகுதி அவரைக் கெராக்கான் கட்சியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. பின்னர் அவர் ஜனநாயகச் செயல் கட்சியில் சேர்ந்து, 1978இல் டாமன்சாராவிலும் 1986இல் பூச்சோங்கிலும் வென்றார். மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் பொதுச்செயலாளராகவும் பணியாற்றினார். 1987ஆம் ஆண்டு லாலாங் நடவடிக்கையில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்டார். 2005இல் மறைந்தார்.

கொடிகள் பல மாறியதைச் சுட்டி, நிலையற்றவர் என அவரைக் குறை கூறலாம். ஆனால் கொடிகள் மாறியும் தொழிற்சங்கப் பணி அவர் வாழ்வில் தொடர்ந்தது. பாதை மாறுவது வேறு. செல்லும் ஊரையே மறப்பது வேறு. எனினும் கட்சியை நம்பி வாக்களித்தவருக்கும் ஓர் உரிமை உண்டு. மாற்றத்தின் காரணத்தை அவர்கள்முன் விளக்குவது தலைவரின் கடன்.

இனி, மற்றொரு சோதனையையும் எண்ணிப் பார்த்தல் தகும். ஆஸ்திரேலியத் தொழிற்சங்கப் பேரவைக்கு 1969 முதல் 1980 வரை தலைமை தாங்கிய பாப் ஹாக், 1983இல் அந்நாட்டின் பிரதமரானார். கூலி உயர்வு கேட்டே வளர்ந்தவர், விலையேற்றத்தைத் தடுக்கும்பொருட்டுக் கூலிக் கோரிக்கையை அடக்கிக்கொள்ளுமாறு சங்கங்களுடன் உடன்பாடு கண்டார். ஈடாக மருத்துவக் காப்பீடு போன்ற சமூக நலன்கள் அளிக்கப்பெற்றன. இது துரோகமா? சங்கத்தில் இடம்பெறாத ஏழையும் வேலையற்ற இளைஞனும் ஆள்வோரின் கணக்கில் வரவேண்டியவர்களே. அவர்களையும் எண்ணிப் பழைய தோழரிடம் 'இப்போது இயலாது' எனச் சொல்வது துரோகம் ஆகாது. அவர்களைச் சந்திக்க மறுத்து, மறைவில் முடிவெடுப்பதே துரோகம்.

சிறை என்னும் சோதனை டேவிட்டுக்கு வந்தது. ஆட்சி என்னும் சோதனை ஹாக்குக்கு வந்தது. சிறையில் உறுதியை உலகம் காணும். ஆட்சியில் உறுதி தளர்வதை மனச்சான்று ஒன்றே முதலில் அறியும். ஆதலின் பின்னதே கடினமானது எனலாம்.

வள்ளுவர் வினைத்திட்பம் என ஓர் அதிகாரமே வகுத்தார். செயலின் உறுதி மனத்தின் உறுதியே என்பது அதன் சாரம். அவ்வுறுதியாவது, கேட்டதெல்லாம் கொடுப்பதன்று. கொடுக்க இயலாதபோதும் தம்மை உயர்த்தியவர்முன் நின்று காரணம் கூறும் துணிவு. மாணவர் மன்றத் தலைவன் முதல் நாட்டின் தலைவர் வரை, பதவி ஏற்கும் எவர்க்கும் இஃதே உரைகல்.