வாசற்படி வரைக்கும்

தமிழில் கடன் கொடுத்தவரும் கடன்காரர், வாங்கியவரும் கடன்காரர். ‘வாசல்ல கடன்காரன் வந்து நிக்கிறான்’ என்றால் கொடுத்தவன். ‘பொண்ணு கல்யாணத்தை முடிச்சு மனுஷன் கடன்காரன் ஆயிட்டான்’ என்றால் வாங்கியவன். கடமைக்கும் இதே சொல்தான். காலைக்கடன், நேர்த்திக்கடன், நீத்தார் கடன் என்று கண் விழித்ததிலிருந்து கண் மூடிய பிறகு வரைக்கும் கடன் கூடவே வருகிறது. புறநானூற்றுப் புலவர் பொன்முடியார் பிள்ளையைப் பெறுவதையும், அவனைச் சான்றோன் ஆக்குவதையும், அவனுக்கு வேல் வடித்துக் கொடுப்பதையும் கடன் என்றே வரிசைப்படுத்துகிறார். பெற்ற கடமையும் பெற்ற பணமும் ஒரே சொல்லில் இருப்பதால்தான், தவணை தவறிய வீட்டில் பணத்தோடு சேர்ந்து மானமும் போய்விட்டதாக மனசு பதறுகிறது.

குழு லோன் எடுத்த வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒற்றை அறை. கேஸ் அடுப்பு, நாலைந்து பாத்திரம், சுருட்டி வைத்த பாய், அரசு விலையில்லாமல் கொடுத்த கிரைண்டர், மூலையில் ஒரு தையல் மெஷின். இருந்த நகை அடகுக் கடைக்குப் போய்விட்டது. கழுத்தில் மஞ்சள் கயிறும் அதில் ஒரு பொட்டுத் தங்கமும்தான் மிச்சம். இன்று தவணை நாள். சென்டர் கூட்டத்துக்கு அவள் போகவில்லை. சற்று நேரத்தில் பைக் சத்தம் கேட்கிறது. வந்தவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ‘அக்கா, எனக்கும் டார்கெட் இருக்குக்கா’ என்று தணிந்த குரலில்தான் ஆரம்பிக்கிறான். குரல் ஏறும்போது பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறக்கின்றன. கடைசியில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறான். பணம் வாங்காமல் எழுந்திருக்க மாட்டானாம்.

இந்த இடத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இல்லாதவர் கொடுக்காமல் இருப்பது பாவமா? கொடுத்தவர் எது வரைக்கும் கேட்கலாம்? பணம் எண்ணத் தொடங்கிய காலத்திலிருந்து எல்லா மதங்களும் இவற்றோடு மல்லுக்கட்டியிருக்கின்றன.

அந்தப் பையன் வாசற்படியில் உட்கார்ந்தானே, அது மிகப் பழைய முறை. கடனைத் திரும்பப் பெற மனுஸ்மிருதியின் எட்டாவது அத்தியாயம் ஐந்து வழிகளைச் சொல்கிறது. தர்மம், வழக்கு ஆகியவற்றோடு தந்திரமும் வழக்காறும் பலவந்தமும் அதில் உண்டு. வழக்காறு என்பதில் முக்கியமானது தர்ணா. கொடுத்தவர் வாங்கியவரின் வாசலில் பட்டினி உட்காருவார். அவர் அங்கேயே செத்தால் பாவம் வீட்டுக்காரரைச் சேரும். இந்தப் பயம் எவ்வளவு வலுவாக இருந்தது என்பதற்கு 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டமே சாட்சி. தெய்வக் கோபம் வரும் என்று நம்பவைத்து ஒருவரைப் பணியவைப்பதைக் குற்றமாக்கிய 508-ஆம் பிரிவு, அதற்கு உதாரணமாகவே ஒருவர் இன்னொருவரின் வாசலில் தர்ணா உட்காருவதைச் சொல்கிறது. பழைய சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா வந்த பிறகும் அந்தக் குற்றம் குற்றமாகவே இருக்கிறது.

மனுவின் நூலில் இன்னொன்றும் உண்டு. அதை மறைத்துவிட்டுத் தர்மம் பேச முடியாது. பணம் இல்லாத கடனாளி, கொடுத்தவருக்குச் சமமான சாதியாகவோ கீழான சாதியாகவோ இருந்தால் உடலுழைப்பால் அடைக்க வேண்டும். மேல்சாதி என்றால் மெல்ல மெல்லக் கொடுத்தால் போதும். எதுவுமே இல்லாதவனிடம் இருக்கும் கடைசிச் சொத்து அவன் உடம்பு என்று கண்டுகொண்ட ஏற்பாடு அது. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் ‘அட்வான்ஸ்’ என்ற பெயரில் அது நம் காலம் வரைக்கும் நீண்டிருக்கிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. கொத்தடிமைக் கடன் செல்லாது, அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்று அது ஒரே போடாகப் போட்டது.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரையைப் பார்த்த மார்க்கோ போலோ ஒரு விசித்திரத்தை எழுதி வைத்திருக்கிறார். திரும்பத் திரும்பக் கேட்டும் தராத கடனாளியைச் சுற்றிக் கொடுத்தவர் தரையில் ஒரு வட்டம் போட்டுவிட்டால், கடனை அடைக்காமல், அல்லது தக்க பிணை தராமல் அவர் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மரண தண்டனை. அயல்நாட்டு வணிகர் ஒருவருக்குப் பாக்கி வைத்திருந்த அரசனே குதிரைமேல் வரும்போது வட்டத்துக்குள் அகப்பட்டு, வணிகரைத் திருப்திப்படுத்திய பிறகுதான் நகர்ந்தானாம். அரசனையும் கட்டுப்படுத்திய நீதி என்று இதைக் கொண்டாடலாம். ஆனால் அரசன் வீட்டில் கஜானா இருந்தது. அதே கோட்டுக்குள் நிற்கும் கூலிக்காரர் எதை எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே வருவார்?

தமிழ்ச் சைவத்தில் இறைவனே ஓலையோடு வந்து நின்ற கதை இருக்கிறது. சுந்தரரின் திருமணப் பந்தலில் ஒரு கிழ வேதியர் வந்து, ‘உன் பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை’ என்கிறார். மணமகன் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப்போடுகிறார். சேக்கிழார் இதை விரிக்கும் விதம் ஊன்றிப் பார்க்க வேண்டியது. வந்தவர் சிவபெருமான், நினைத்தால் எதுவும் செய்யக்கூடியவர். ஆனாலும் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறார், வழக்கு உரைக்கிறார், மூல ஓலையை நீட்டுகிறார். பாட்டனாரின் வேறு எழுத்தோடு அதை ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் சபை தீர்ப்புச் சொல்கிறது. வந்த கேள்விகளுக்கெல்லாம் கடவுள் நின்று பதில் சொல்கிறார். அடையாள அட்டை கேட்டாலும் கணக்கு விவரம் கேட்டாலும் எரிந்து விழும் வசூல்காரர்களுக்கு யாராவது இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

எபிரேய வேதம்தான் வாசற்படியை மிகத் துல்லியமாகப் பார்த்திருக்கிறது. உபாகமம் 24-ஆம் அதிகாரத்தின்படி, அடகு வாங்க வந்தவர் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். வீட்டுக்காரரே உள்ளிருந்து எடுத்து வந்து கொடுப்பார். ஏழை போர்வையை அடகு வைத்திருந்தால் பொழுது சாயும்போது திருப்பித் தந்துவிட வேண்டும், அவர் போர்த்திப் படுக்க வேறு துணி கிடையாது. மாவரைக்கும் திரிகைக் கல்லையோ, அதன் மேல் கல்லை மட்டுமோகூட அடகாக எடுக்கக் கூடாது. மேல் கல் போனால் கீழ்க் கல் வெறும் பாறை. இதை எழுதியவர் பசித்த வீட்டின் அடுப்படியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அந்தத் திரிகைக் கல்லின் நிழல் நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் விழுந்திருக்கிறது. 1908-ஆம் ஆண்டின் இந்தச் சட்டத்தில் 60-ஆம் பிரிவு எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்று பட்டியல் போடுகிறது. கடனாளிக்கும் மனைவி மக்களுக்கும் தேவையான உடுப்பு, சமையல் பாத்திரம், படுக்கை. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை. கைவினைஞரின் கருவி. விவசாயியின் ஏர், பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதை நெல். கூலியாளின் கூலி. நகை என்று சட்டம் சொல்வதைத் தமிழ்நாட்டில் தாலி என்று படிக்க வேண்டும். திருக்கடவூர்க் குங்குலியக்கலய நாயனார் வீட்டில் பசி முற்றியபோது மனைவி நெல் வாங்கக் கழற்றிக் கொடுத்தது அதைத்தான். அவராகக் கொடுத்தார். ‘அதை வச்சாவது கட்டலாமேக்கா’ என்று வாசலில் நின்று கேட்பது வேறு. நீதிமன்றத்து அமீனாவே தொட முடியாத ஒன்றைப் பைக்கில் வந்தவர் கண்ணால் எடைபோடுகிறார். பொருளையே ஈடாக எழுதிக் கொடுத்து வாங்கிய கடனுக்கு இந்தக் காப்பு செல்லாது. குழுக் கடனுக்கோ ஈடே கிடையாது. அதே சட்டத்தின் 62-ஆம் பிரிவு, ஜப்திக்கு வருகிறவர் சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் குடியிருக்கும் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்கிறது. உபாகமத்தில் பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வருகிற போர்வைதான் நினைவுக்கு வருகிறது.

இதையெல்லாம் வைத்து, மதங்கள் கடனாளியின் பக்கம் சாய்ந்துவிட்டன என்று நினைக்க வேண்டாம். பௌத்த சங்கத்தில் துறவு கேட்டு வருகிறவரிடம் கேட்கும் கேள்விகளில் ‘கடன் இல்லாதவரா?’ என்பதும் ஒன்று. காவி கடனிலிருந்து ஓடி ஒளியும் இடம் ஆகிவிடக் கூடாது. அதே புத்தர்தான் வறுமை, கடன், வட்டி, நெருக்குதல், துரத்தல், கட்டுண்டு கிடத்தல் என்று ஏழையின் துன்பத்தைப் படிப்படியாக எடுத்துச் சொன்னவர். நபிகள் நாயகம் கடனோடு இறந்த ஒருவருக்கு, யாராவது அந்தக் கடனை ஏற்கும் வரை, தாமே ஜனாஸா தொழுகை நடத்தாமல் இருந்திருக்கிறார். அவரிடமே ஒருவர் வந்து முரட்டுத்தனமாகக் கடனைக் கேட்டபோது தோழர்கள் கொதித்தார்கள். உரிமை உள்ளவருக்குப் பேச இடம் உண்டு, விடுங்கள் என்று தடுத்து, வாங்கியதைவிட நல்ல ஒட்டகத்தைக் கொடுக்கச் சொன்னார். வாசலில் நிற்கும் அந்த இருபத்தைந்து வயதுப் பையனுக்கும் இதில் பங்கு உண்டு. அவனும் சம்பளத்துக்கு உழைக்கிறவன். அவன் கேட்கும் பணமும் நியாயமாகத் திரும்ப வேண்டிய பணம்.

இருந்தும் தராமல் இழுத்தடிக்கும் செல்வரின் செயல் அநியாயம் என்கிறது ஹதீஸ். சிரமத்தில் இருப்பவருக்கு வசதி வரும் வரை தவணை கொடுக்கவும், முடிந்தால் விட்டுவிடவும் சொல்கிறது குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம். ஜகாத் பெறத் தகுந்தவர்கள் பட்டியலில் கடன்பட்டவருக்கும் இடம் இருக்கிறது. முடியாதவரையும் மனமில்லாதவரையும் பிரித்துப் பார்க்கும் இந்த இடம்தான் முதல் கேள்விக்கு விடை. 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இங்கேதான் வந்து சேர்ந்தது. ஏழை என்பதற்காக, கட்ட முடியவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைச் சிறையில் தள்ளுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவுக்கு விரோதம் என்றார் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். வசதி இருந்தும் ஏமாற்றுகிறார் என்று காட்டினால்தான் சிறை. தராமல் இருப்பதில் பாவம் உண்டு என்றால், அது மறைப்பதிலும் பொய்யிலும் இருக்கிறது. வெறும் டப்பாவைத் திறந்து காட்டுவதில் ஒரு பாவமும் இல்லை.

இன்றைய குழுக் கடனும் செயலிக் கடனும் ஈடில்லாமல் கொடுக்கப்படுகின்றன. கேட்க நல்ல செய்தி. ஆனால் எடுத்துப்போகப் பொருள் இல்லாத இடத்தில் வசூல் எதைப் பிடித்து இழுக்கும்? மானத்தை. பக்கத்து வீட்டு ஜன்னலும், குழுவில் உள்ள மற்றப் பெண்களின் கோபமும், செல்போனில் இருக்கும் உறவுக்காரர்களின் நம்பர்களும் ஈடாக மாறுகின்றன. ரிசர்வ் வங்கிக்கு இது தெரிந்திருக்கிறது. 2022-இல் வந்த அதன் விதிகளின்படி குறுங்கடன் வசூலைப் பொதுவாகப் பேசிவைத்த இடத்தில்தான் செய்ய வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ போகலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. உறவினரையும் கூட வேலை செய்கிறவர்களையும் தொல்லைப்படுத்தக் கூடாது. குடும்ப வருமானத்தில் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து பாதியைத் தாண்டக் கூடாது. செயலிகள் செல்போனின் தொடர்புப் பட்டியலைத் தொடக் கூடாது. புகாருக்கு முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடும் 2025-இல் தனிச் சட்டம் இயற்றியது. முதல் தவணை தவறியதுமே வீட்டு வாசலில் வந்து உட்காருகிறவருக்கு இந்த விதிகளில் இடமில்லை. அதை வீட்டுக்காரப் பெண் அறிந்திருப்பது பாதி பலம்.

மீதிப் பாதிக்கு ஒரு பழைய கதை. இரண்டாம் இராஜாக்கள் புத்தகத்தில் ஒரு விதவை எலிசா தீர்க்கதரிசியிடம் ஓடி வருகிறாள். கடன்காரன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகப் பிடித்துப்போக வந்திருக்கிறான். எலிசா உபதேசம் செய்யவில்லை, ஏன் வாங்கினாய் என்று கேட்கவும் இல்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய் தவிர ஒன்றும் இல்லை என்கிறாள். அயல்வீடுகளில் போய் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கு, கொஞ்சமாக வாங்காதே, கதவைப் பூட்டிக்கொண்டு ஊற்று என்கிறார். நேற்று வரை ஜன்னல் வழியாகப் பார்த்த அதே அயல்வீடுகளாகத்தான் இருக்கும். பிள்ளைகள் பாத்திரம் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அவள் ஊற்றுகிறாள். பாத்திரம் தீர்ந்ததும் எண்ணெய் நிற்கிறது. என்ன செய்வதென்று திரும்பப் போய்க் கேட்கிறாள். எண்ணெயை விற்றுக் கடனை அடை, மீந்ததை வைத்து நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்று அனுப்புகிறார். வாசலில் நின்றவனுக்கு முழுப் பணமும் போகிறது. பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள்.