கடலுக்கு வேலியிட்ட சட்டம்



கடல் நீரால் உளூச் செய்யலாமா என்று கடற்பயணம் செய்யும் ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார். அந்நீர் தூய்மையானதே என்று அவர்கள் தெளிவாக்கினார்கள். மனிதன் குடித்து எஞ்சிய நீரும், அவன் வாயில் அசுத்தம் இல்லாதவரை, சுத்தமானதே என்பது மதரஸாப் பிள்ளைகளும் அறிந்த சட்டம். அவன் கறுப்பனா வெளுப்பனா என்று ஃபிக்ஹு கேட்பதில்லை.

அத்தகைய கடலுக்கே வேலியிட்ட ஒரு சட்டத்தைப் பற்றிக் கேளுங்கள்.

1860 நவம்பர் 16-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை 'ட்ரூரோ' என்னும் கப்பல் அடைந்தது. கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிச் சென்ற கப்பல் அது. பின்வந்த கப்பல்களிலும் தமிழர் சென்றனர், முஸ்லிம்களும் சென்றனர். அவர்கள் சிந்திய வியர்வையில் அந்நாட்டின் சர்க்கரைத் தொழில் வளர்ந்தது. ஆனால் அவர்களின் பேரப்பிள்ளைகள் அவ்வூரின் நல்ல கடற்கரைகளில் கால் நனைக்க முடியவில்லை!

1953-ஆம் ஆண்டின் தனி வசதிகள் ஒதுக்கீட்டுச் சட்டம் கடற்கரை, நீச்சல் குளம், பூங்கா பெஞ்சு அனைத்தையும் இனவாரியாகப் பிரிக்க வழிசெய்தது. பிரித்துக் கொடுப்பவை சமமாக இருக்க வேண்டியதில்லை என்றும் அதிலேயே எழுதிவைத்தார்கள். டர்பன் கடற்கரையில், நகரத் துணைவிதியின் 37-ஆம் பிரிவைக் காட்டி, குளிக்கும் இடம் வெள்ளையருக்கு மட்டுமே என்று ஆங்கிலம், ஆஃப்ரிகான்ஸ், ஸுலு ஆகிய மும்மொழிகளில் பலகை நட்டார்கள்.

1989-இல் மக்கள் துணிந்து தடைசெய்த கடற்கரைகளில் இறங்கினர். அவ்வாண்டு நவம்பர் 16-இல், ட்ரூரோ கரை சேர்ந்து சரியாக 129 ஆண்டுகளுக்குப் பின், கடற்கரைகள் அனைவருக்கும் திறக்கப்படும் என்று அதிபர் டி கிளார்க் அறிவித்தார். 1990 அக்டோபரில் அச்சட்டமும் நீங்கியது.

பெரியோர்களே! அதற்குப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே, மக்கா வெற்றியின்போது கஅபாவின் மீதேறி பாங்கு சொல்லும் சிறப்பை ஹஸ்ரத் பிலால் (ரலி) பெற்றார்கள். ஒரு தோழர் கோபத்தில் இன்னொருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்தபோது, அவரிடம் இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் எஞ்சியிருப்பதாக நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். ஸஹாபியிடம்கூட அது ஒளிந்திருக்குமானால், நம் உள்ளத்தைச் சோதிக்க வேண்டாமா?

நம் வீட்டு வாசலில் பலகை இல்லைதான். ஆனால் வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனித் தம்ளர் வைக்கிறோமே, அது எந்தச் சட்டம்? தீனும் குணமும் உள்ள பெண்ணைக் 'கறுப்பு' என்று சொல்லித் திருப்பியனுப்புகிறோமே, அது எந்தப் பிரிவு? டர்பன் பலகையை ஓர் அரசு நட்டது, ஓர் அரசு அகற்றியது. நம் மனத்துப் பலகையை நாமேதான் பிடுங்கியெறிய வேண்டும்.

இன்றே அந்தத் தம்ளரை மற்றவற்றோடு சேர்த்துக் கழுவி வையுங்கள். அல்லாஹுத் தஆலா நம் உள்ளங்களைத் தூய்மையாக்குவானாக! ஆமீன்.