அதையே தொடரவும்

அப்பாவின் மாத்திரை ஒன்றை நான் போனிலேயே நிறுத்தினேன். 2023 மார்ச். பெங்களூரு ஆபீசில் ஒரு மீட்டிங்குக்கு நடுவே ஆம்பூரிலிருந்து அம்மா கூப்பிட்டார். "இன்னாடா பண்றது, எழுந்து நின்னாலே தல சுத்துதுன்றாரு. புதுசா குடுத்த மாத்திரையாலதான் போல."

"அப்போ அத நிறுத்திடும்மா. டாக்டர அப்புறம் பார்த்துக்கலாம்."

இரண்டே நாளில் தலைசுற்றல் நின்றது. வீட்டில் எனக்கு நல்ல பேர். அந்த 'அப்புறம்' வர ஏழு மாதம் ஆனது. அக்டோபரில் ஒரு ராத்திரி அப்பாவால் படுக்க முடியவில்லை. மூச்சு இரைக்க, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடியும்வரை இருந்தார். மறுபடி மருத்துவமனை. பார்க்க வந்த எல்லோரும் "நோவு முத்திடுச்சு" என்றார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு இருப்பது இதயச் செயலிழப்பு. இதயம் நின்றுவிடுவதல்ல, பம்ப் செய்யும் வலு குறைந்துபோவது. எங்கள் பக்கம் "பம்பிங் 30தான் இருக்கு" என்பார்கள். இதற்கு இன்று நான்கு வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறார்கள்: ரத்தக்குழாயைத் தளர்த்தும் வகை, பீட்டா பிளாக்கர், ஸ்பைரோனோலாக்டோன் வகை, சர்க்கரை நோய்க்காக வந்த டாபாகிளிஃப்ளோசின் வகை. இதில் எல்லாமே புதுசு இல்லை. பீட்டா பிளாக்கரும் ஸ்பைரோனோலாக்டோனும் உயிர் காக்கும் என்று 1999-லேயே பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் முடிந்து, விலையும் இறங்கிவிட்டது. மருத்துவமும் எங்களுக்குத் தூரமில்லை. வேலூர் சி.எம்.சி.க்கு வங்காளத்திலிருந்து ரயிலேறி வருகிறார்கள். எங்களுக்கு அது ஒரு மணி நேர பஸ்.

ஆனாலும் மருந்து போய்ச் சேர்வதில்லை. 2022-ல் வெளியான தேசிய இதயச் செயலிழப்புப் பதிவேட்டில் நாடு முழுக்க 53 மருத்துவமனைகளின் 10,851 நோயாளிகள் இருந்தார்கள். பம்பிங் குறைந்தவர்களில் 47.5 சதவீதம் பேருக்கே பரிந்துரைப்படியான மருந்துகள் கிடைத்திருந்தன. மொத்த நோயாளிகளில் 14.2 சதவீதம் பேர் 90 நாளுக்குள் இறந்துபோனார்கள்.

மாத்திரை கிடைத்தாலும் அளவு என்று ஒன்று இருக்கிறது. நான் நிறுத்தியது கார்வெடிலால். அதை 3.125 மில்லிகிராமில் ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கி, உடம்பு தாங்கினால் 25 வரை கொண்டுபோக வேண்டும். அதாவது ஆரம்ப அளவு, இலக்கில் எட்டில் ஒரு பங்கு. பலருக்கு அந்த எட்டில் ஒரு பங்கே வருடக்கணக்கில் ஓடுகிறது. சீட்டில் ஒவ்வொரு முறையும் ஒரே வரி: அதையே தொடரவும்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. முப்பது வருஷம் டேனரியில் டிரம் பார்த்தவர். "குரோம் ஏத்துற மாதிரிதான்டா. எடுத்தவுடனே சோடாவப் போட்டா மேல் தோல்லயே புடிச்சிக்கும், உள்ள போகாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் போடணும். அதுக்காகப் பாதியில விட்டுட முடியுமா? ஓரத்துல வெட்டி கொதிக்கிற தண்ணில போட்டுப் பாப்போம். சுருங்குச்சுன்னா வேல முடியலன்னு அர்த்தம்."

தோலுக்கு அந்தக் கொதிநீர்ச் சோதனை இருக்கிறது. மாத்திரைக்கு? நீர் மாத்திரை போட்டால் கால் வீக்கம் வடிவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆயுளைக் கூட்டும் மாத்திரை ஆரம்பத்தில் தருவது அசதியும் தலைசுற்றலும்தான். வராமல்போன மரணத்தை யாரும் பார்த்ததில்லை. செய்ததால் வந்த கெடுதலுக்கு ஒரு முகம் இருக்கிறது. செய்யாததால் வந்த கெடுதலுக்கு விதி என்று பேர். மருந்தால் அப்பா மயங்கி விழுந்திருந்தால் டாக்டரைச் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்போம். மருந்தில்லாமல் அவருக்கு மூச்சு முட்டியபோது கேட்க ஆளில்லை. என் வேலையிலும் இதேதான். நான் மாற்றிய கோடால் சர்வர் விழுந்தால் அறிக்கையில் என் பேர் வரும். ஆறு மாதமாக யாரும் போடாத பாதுகாப்பு அப்டேட்டால் விழுந்தால் யார் பேரும் வராது.

தெரிந்துசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவர் இந்தச் சலுகையைத் தருவதில்லை. செய்யக்கூடாததைச் செய்வதையும் செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவதையும் ஒரே தட்டில் வைக்கிறார்.

தயக்கம் எல்லாமே கோழைத்தனம் என்று சொல்ல வரவில்லை. பொட்டாசியம் ஏறலாம், கிட்னி திணறலாம், நாடித்துடிப்பு இறங்கலாம். அளவைக் கூட்டக் கூட்ட ரத்தப் பரிசோதனை வேண்டும், திரும்ப வரச்சொல்ல வேண்டும். ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைக்கும் டாக்டருக்கு 'அதையே தொடரவும்' ஒரு புகலிடம். ஆனால் 2022-ல் வந்த ஸ்ட்ராங்-ஹெச்எஃப் ஆய்வில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய இரண்டு வாரத்துக்குள், அடிக்கடி கூப்பிட்டுப் பரிசோதித்தபடியே, மருந்தை முழு அளவுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். 180 நாளில் இறந்தவர்களும் இதயச் செயலிழப்பால் மறுபடி சேர்ந்தவர்களும் 15.2 சதவீதம். வழக்கமான கவனிப்பில் 23.3. பழைய மருந்துகளைத்தான் ஒழுங்காக ஏற்றினார்கள். நம் மாநிலத்தில் 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் பிரஷர், சுகர் மாத்திரைகளை வாசல்வரை கொண்டுவருகிறது. அடுத்த கேள்வி அதைவிடக் கடினம்: அளவை ஏற்றச் சொல்லி யார் வாசலுக்கு வருவார்கள்?

ஏற்றியே ஆகவேண்டும் என்பதல்ல என் கட்சி. ஏற்றாமல் விடுவதும் ஒரு முடிவு. அதற்கு ஒரு காரணமும் ஒரு கையெழுத்தும் வேண்டும். அவ்வளவுதான்.

அக்டோபருக்குப் பிறகு அப்பாவைப் பார்த்த டாக்டர், தலைசுற்றலுக்கு முதலில் குறைத்துப் பார்த்திருக்க வேண்டியது நீர் மாத்திரையை என்று பொறுமையாகச் சொன்னார். கார்வெடிலாலை மறுபடி அடியிலிருந்து ஆரம்பித்தார். இப்போது 12.5-ல் நிற்கிறது. அதற்குமேல் போனால் நாடித்துடிப்பு 50-க்குக் கீழே இறங்குகிறது. அப்பாவின் நோட்டில் டாக்டர் தன் கையாலேயே எழுதியிருக்கிறார்: 'ஏற்றவில்லை, காரணம் நாடித்துடிப்பு'. அதே நோட்டின் முதல் பக்கத்தில், 2023 மார்ச் என்று போட்டு நானும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: 'நிறுத்தியது மகன். காரணம், யாரையும் கேட்கவில்லை.'