வெள்ளிக்கிழமை ஜெபக்குறிப்புகள்

சூலூரில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விசைத்தறி வீடுகளிலிருந்து வருகிறவர்களின் சேலையில் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். தறிச் சத்தத்தோடு போட்டி போட்டுப் பேசிப் பழகிய குரல்கள், ஜெபக்குறிப்பு சொல்லும்போது மட்டும் தணிந்துவிடுகின்றன. மகளிர் குழுக் கடன், பையனுக்குக் காலேஜ் சீட்டு, மாமியாரின் சர்க்கரை நோய் எல்லாம் முதலில் வந்துவிடும். கடைசியாகத்தான் அது வரும்: "வீட்டுக்காரரு மனசு மாறோணுமுங்க, பாஸ்டரம்மா."

எல்லோரும் ஆமென் சொல்கிறோம். யார் மனசு, எதிலிருந்து எதற்கு மாற வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

*

சில வீடுகளில் சண்டைக்கே நேரம் கிடையாது. அவர் ராத்திரி ஷிப்டு முடிந்து விடியக்காலையில் வந்து படுக்கிறார். அவள் டிபன் பாக்ஸோடு பனியன் கம்பெனி வண்டிக்கு நிற்கிறாள். இரண்டு பேரும் நிதானமாக ஒருவரையொருவர் பார்ப்பது ஞாயிறு ஆராதனையில்தான். அங்கேயும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.

இதையெல்லாம் பிசாசின் தந்திரம் என்று கட்டி ஜெபிக்கிறோம். ஓனரிடம் போய் ஷிப்டை மாற்றிக் கேட்பதும் ஜெபத்தோடு சேர்த்திதான் என்பது என் எண்ணம்.

*

வீட்டுக்காரர் மனசு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது மரியாளின் கணவன் யோசேப்பு. வீரமாமுனிவர் 1726-ல் முடித்த தேம்பாவணியில் 3,615 பாட்டு. அத்தனைக்கும் தலைவன் யோசேப்பு. வளன் என்று தமிழ்ப்பெயர் வைத்தார். இத்தாலியிலிருந்து வந்த துறவி, காப்பியம் பாட ஒரு குடும்பஸ்தனைத் தேடிப் பிடித்திருக்கிறார். மரியாள் கருவுற்றது தெரிந்ததும் அவன் மனதில் எழுந்த சந்தேகத்தையும் ஓரிரு பாட்டில் கடந்துவிடவில்லை.

மத்தேயு முதல் அதிகாரத்தில் அந்தச் சம்பவத்துக்குச் சில வசனங்கள்தான். நிச்சயம் செய்தாலே அந்தக் காலத்து யூதருக்குக் கல்யாணம் ஆன மாதிரி. பிரிவதற்குத் தள்ளுதற்சீட்டு எழுத வேண்டும். தனக்குத் துரோகம் நடந்துவிட்டது என்று யோசேப்பு நினைக்க எல்லா முகாந்தரமும் இருந்தது. ஊரைக் கூட்டி நியாயம் கேட்டிருந்தால் ஊர் அவன் பக்கம்தான். அவனோ அவளை அவமானப்படுத்த மனமில்லாமல், யாருக்கும் தெரியாமல் விலகிக்கொள்ளலாம் என்று முடிவு செய்கிறான்.

தேவதூதன் வந்தது அதற்குப் பிறகு. இந்த வரிசையை நாம் கவனிப்பதே இல்லை. பதில் எதுவும் கிடைக்காத ராத்திரியிலேயே அவள் மானத்தைக் காப்பது என்று தீர்மானித்துவிட்டான். விழித்ததும் அவளைச் சேர்த்துக்கொண்டான். நான்கு சுவிசேஷங்களிலும் அவன் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை.

*

யோசேப்பை வாசித்துவிட்டு வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் போனால் உறுத்துகிறது. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் எத்தனை புருஷன்மாரின் மானம் அங்கே போயிருக்கிறது! அவர் குடித்தது, சீட்டுப் பணம் கட்டாதது, கொழுந்தியா வீட்டாரோடு பேசாமல் இருப்பது எல்லாம். கண்ணை மூடிக் கேட்கிறோம். திருச்சி ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கண்ணைத் திறந்துகொண்டு அதையே பேசுகிறோம். ஆண்கள் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டு ஜெபம் இல்லாமலே இதைச் செய்கிறார்கள்.

சபைக்குத் தெரிந்த சண்டையிலிருந்து இறங்கி வருவது கஷ்டம். நாலு பேர் ஞாபகம் வைத்திருப்பார்கள். ஒருவருக்கொருவர் மட்டும் தெரிந்த குற்றத்தை மன்னிப்பது அதைவிட லேசு.

*

குடும்பத்துக்காக ஜெபிக்கும் பெண்களுக்கு முன்மாதிரியாகப் புனித மோனிக்காவைச் சொல்வார்கள். நாலாம் நூற்றாண்டு, வட ஆப்பிரிக்கா. கணவர் பத்ரீசியுஸ் முன்கோபி, வேறு தொடர்புகளும் உண்டு. அவர் விசுவாசத்துக்கு வந்ததே சாகும் காலத்தில்தான். மகன் அகுஸ்தீன் தம் நூலில் ஒன்று எழுதுகிறார்: அப்பாவுக்குக் கோபம் இருக்கும்போது அம்மா எதிர்த்துப் பேசமாட்டாள்; அது தணிந்த பிறகு தன் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்வாள். இதை நான் அப்படியே எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். முகத்தில் அடிபட்ட தடத்தோடு வந்த தோழிகளிடம், உங்கள் வாயைத்தான் குறை சொல்ல வேண்டும் என்றாளாம் மோனிக்கா. இதை எடுத்துக்கொள்ள மாட்டேன். புனிதையாகவே இருந்தாலும் அந்த இடத்தில் அவள் சொன்னது தப்பு.

*

நம் பாட்டிகளின் பொறுமையைப் பிரசங்கத்தில் புகழ்வதைக் கேட்கும்போது 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம் நினைவுக்கு வரும். மனைவியின் விபசாரத்தை மட்டும் நிரூபித்தால் கிறிஸ்தவக் கணவன் விலகிக்கொள்ளலாம். மனைவிக்கு அது போதாது. விபசாரத்தோடு கொடுமையோ இரண்டு வருடம் கைவிட்டுப் போனதோ ஏதாவது சேர வேண்டும். 2001-ல் திருத்தம் வரும்வரை இதுதான் நிலைமை. இருவரும் மனமொத்துப் பிரிய 10-ஏ பிரிவு வந்ததும் அப்போதுதான். பாட்டிகள் பொறுத்தார்கள், நிஜம். வெளியே போக வாசல் இல்லாத வீட்டில் பொறுத்தார்கள் என்பதையும் பிரசங்கத்தில் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

*

"அனுசரிச்சுப் போ கண்ணு, கர்த்தர் பாத்துக்குவாரு." பெரியவர்கள் எப்போதும் சொல்வதுதான். கூடவே மல்கியா இரண்டாம் அதிகாரத்தை எடுத்துக்காட்டி, விவாகரத்தைக் கடவுள் வெறுக்கிறார் என்பார்கள். அந்தப் பகுதி இளவயதில் கட்டிய மனைவிக்குத் துரோகம் செய்த ஆண்களைக் கண்டித்துப் பேசுவது. 16-ஆம் வசனத்தின் பின்பாதி கொடுமை செய்கிறவனைப் பற்றியது. முன்பாதியோடு வேதத்தை மூடிவிடுகிறோம்.

யோசேப்பு மூடி மறைத்தது, பலவீனமாக நின்ற ஒருத்தி ஊர் வாயில் விழக்கூடாது என்பதற்காக. அடிக்கிறவன் வெளியே தெரியாமல் இருக்க யோசேப்பைத் துணைக்கு இழுப்பது அக்கிரமம்.

கணவன் மனைவி மனஸ்தாபம் இருந்தால் வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சொல்லாதீர்கள். கோபம் தணிந்த பிறகு அவரிடமே சொல்லுங்கள். முடியாவிட்டால், வாய் காக்கத் தெரிந்த ஒரே ஒருவரை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். அடி விழுந்தால் மறைக்காதீர்கள். ஜெபக்குறிப்பாக எழுதிக் காத்திருக்கவும் வேண்டாம். மகளிர் உதவி எண் 181. ராத்திரியிலும் எடுப்பார்கள்.